பனையின் காபோவைதரேற்றுக்கள்

பச்சைத் தாவரம் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டையும் நிலத்திலிருந்து நீரையும் பெற்று, ஞாயிற்றொளியின் சத்தியினால் அவ்விரண்டையும் இணைத்து வெல்லமாக்குகின்றது. ஒளித்தொகுப்பு எனப்படும் இத்தொழிலே உலகின் உயிர்கள் ஏறக்குறைய அனைத்துக்கும் உணவு வரும் வாயிலாகும். இவ்வாறு ஆக்கப்படும் வெல்லங்களும், அவை கோவையாகத் தொடுக்கப்படுதலால் உண்டாகும் மாப்பொருள், செலுலோசு, பெத்தின் முதலியனவும் காபோவைதரேற்று என்னும் பொதுப்பெயர் பெறும். காபனும் நீரும் கூடியது என்பது அப்பெயரின் பொருள். வெல்லத்திலே ஐதரசனும் ஒட்சிசனும், நீரில் உள்ளவாறே, இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் அமைந்திருத்தலைக் கண்ட 19ஆம் நூற்றாண்டு இரசாயனர் இட்ட பெயர் அது. வெல்லத்தினுள் நீர் நீராகவே இருப்பதில்லையாதலின் பெயர் முற்றும் பொருந்துவதன்று. ஆயினும் வழக்கில் நிலைத்துவிட்டது.

காபோவைதரேற்றுக்கு உதாரணங் கூறும் பாடநூல்கள் கோதுமையையும் உருளைக்கிழங்கையும் கரும்பையும் காட்டுவது வழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டு மாணவன் அத்துணைத் தூரம் போக வேண்டுவதில்லை. வேலியோரத்தில் நிற்கும் பனையொன்றிலேயே இப்பொருள்களின் வகைகள் பெரும்பாலும் காணக் கிடைக்கின்றன. பாளையில் வடியும் நீரிலே சுக்குரோசு உண்டு. கிழங்கிலே மாப்பொருள் உண்டு. நுங்கிலே கலத்தோமனன் என்னும் பசைப்பொருளும், பழக்களியிலே பெத்தினும், ஓலையிலும் மரத்திலும் செலுலோசும் உண்டு. ஒரே மரம், சிற்சில எளிய வெல்லங்களைக் கொண்டு, இத்துணை வேறுபட்ட பொருள்களை ஆக்குவது எங்ஙனம்? ஒன்று இனிப்பதும், ஒன்று பசியாற்றுவதும், ஒன்று கத்தியும் புகாத கல்லாய் இறுகுவதும் எதனால்? இவ்வினாவுக்கு விடை கண்டாலன்றிப் பனையுணவு நீரிழிவுக்கு நன்று என்றும் தீது என்றும் ஊரில் வழங்கும் கூற்றுக்களின் உண்மையை ஆராய்தல் இயலாது.

குளுக்கோசு மூலக்கூறு ஒன்றில் காபன் அணுக்கள் 6, ஐதரசன் அணுக்கள் 12, ஒட்சிசன் அணுக்கள் 6 உள. பிரற்றோசு, மனோசு, கலத்தோசு என்பனவற்றிலும் இதே எண்ணிக்கையே. எண்ணிக்கை ஒன்றாயிருப்பவும் அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து நிற்கும் ஒழுங்கு வேறுபடுகின்றது. குளுக்கோசில் அவ்வொழுங்கு இன்னதெனத் துணிந்தவர் எமில் பிசர் என்னும் செர்மானிய இரசாயனர், ஆண்டு 1891. வெல்லங்கள், பியூரின்கள் ஆகியவை பற்றிய ஆராய்ச்சிக்காக 1902இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் உணவைப் பற்றி அறிய விரும்புவோருக்கு அவர் 1894இல் வெளியிட்ட வேறொரு பரிசோதனையே பெரும்பயன் தருவது. குளுக்கோசுடன் மெதயிற் கூட்டத்தை இணைத்து அவர் இரு பொருள்களைப் பெற்றார். இரண்டும் எல்லா வகையிலும் ஒத்தவை; இணைப்பு மட்டும் ஒன்றிலே ஒரு புறமாகவும் மற்றையதிலே மறுபுறமாகவும் திரும்பியிருந்தது. முன்னது அல்பா, பின்னது பீற்றா எனப் பெயர் பெற்றன. மதுவத்திலிருந்து எடுத்த நொதியம் அல்பாப் பொருளைப் பிளந்தது, பீற்றாவைத் தீண்டவில்லை. வாதுமைப் பருப்பிலிருந்து எடுத்த நொதியம் பீற்றாவைப் பிளந்தது, அல்பாவைத் தீண்டவில்லை. பூட்டுக்கேற்ற திறவுகோல் போல நொதியமும் அது தாக்கும் பொருளும் ஒன்றற்கொன்று பொருந்தவேண்டும் என்று பிசர் கூறிய புகழ்பெற்ற உவமை இப்பரிசோதனையிற் பிறந்ததே.

மாப்பொருளும் செலுலோசும் இப்பூட்டு வேறுபாட்டிற்குத் தலைசிறந்த உதாரணங்கள். இரண்டும் குளுக்கோசு ஒன்றினாலேயே ஆனவை. அல்பா இணைப்பினாற் கோக்கப்பட்ட சங்கிலி சுருள்சுருளாக வளைகின்றது. நீரும் நொதியமும் அதனுட் புகுதல் எளிது. அதுவே மாப்பொருள். பீற்றா இணைப்பினாற் கோக்கப்பட்ட சங்கிலியோ நேராக நீண்டு, அயலிலுள்ள சங்கிலிகளோடு நெருங்கி ஒட்டி, முறுக்கிய கயிறு போன்ற நாராகின்றது. அது செலுலோசு. மனிதன் உமிழ்நீரிலும் கணையச் சாற்றிலும் முன்னதைத் திறக்கும் கோலுண்டு, பின்னதற்கு இல்லை. பனங்கிழங்கிலுள்ள குளுக்கோசும் பனையோலையிலுள்ள குளுக்கோசும் ஒன்றேயாயினும், பசித்தவன் கிழங்கை உண்டு பிழைப்பான். ஓலையை உண்டு பிழையான். ஓலையைக் கிழித்து மாட்டுக்குப் போடும் வழக்கம் குடாநாட்டில் உண்டு. மாட்டுக்கும் தனக்கென அத்திறவுகோல் இல்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் ஓலையின் செலுலோசைப் பிளந்து கொடுக்க, அது வாழ்கின்றது.

இனிப் பாளையிலிருந்து தொடங்குவோம். ஓலையிலே ஆக்கப்பட்ட வெல்லம் உரியக் கலன்கள் வழியே பிற உறுப்புக்களுக்குச் செல்லும்போது சுக்குரோசாகவே செல்கின்றது. குளுக்கோசும் பிரற்றோசும் தத்தம் தாக்கமுறும் முனைகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்ட இணைவே சுக்குரோசு. இரு முனைகளும் அடைபட்டிருத்தலின் வழியிலே வேறெதனோடும் எளிதிற் சேராது; பயணத்துக்குத் தகுந்த வெல்லம் அது. பூவுக்கும் காய்க்கும் போகவிருந்த இவ்வெல்லத்தையே சீவற்றொழிலாளி பாளையைக் கட்டி, தட்டி, நாடோறும் நுனியைச் சீவி முட்டியில் ஏந்துகின்றான். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் இது நிகழும். வடியும் நீரில் நூற்றுக்கு 10 பங்கு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட அளவு சுக்குரோசு உண்டு.

முட்டியை வெறுமையாகக் கட்டினாற் கள்ளு. உட்புறத்திற் சுண்ணாம்பு பூசிக் கட்டினாற் கருப்பநீர். இச்சிறு வேறுபாட்டில் அடங்கியுள்ள இரசாயனம் பெரிது. காற்றிலும் பாளையிலும் உள்ள மதுவம் முட்டிக்குட் புகுந்ததும், முதலிற் சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிளக்கின்றது. பின் அவற்றை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றது. பற்றீரியாக்கள் அமிலங்களை உண்டாக்குகின்றன. அமிலத்திற் சுக்குரோசு தானாகவும் பிளவுபடும். சுண்ணாம்பு சேர்ந்த காரநீரிலே மதுவமும் பற்றீரியாவும் பெருகுதல் தடைப்படுகின்றது, அமிலமும் இல்லையாகின்றது, சுக்குரோசு சுக்குரோசாகவே நிற்கின்றது. பனங்கட்டி இறுகுவதும் கற்கண்டு பளிங்குருப் பெறுவதும் இதனாலேயே. சுண்ணாம்பு குறைந்த நீரைக் காய்ச்சினால் எவ்வளவு காய்ச்சினும் பாணி இளகியே கிடக்கும். பிளவுபட்ட வெல்லங்கள் சுக்குரோசு பளிங்காதலைத் தடுப்பதே காரணம்.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிலே வட, கிழக்கு மாகாணங்களிற் பெருந்தொகைப் பனைகள் அழிந்தன. பனை பாளை விடுவதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை செல்லும். ஆதலாற் போர் முடிந்த ஆண்டில் இட்ட விதைகளின் மரங்கள் இப்போதுதான் பயன்தரும் பருவத்தை அடைகின்றன. 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனம்பொருள்களைச் சந்தைப்படுத்தி வருகின்றது. விற்பனை பெருகுவது விரும்பத்தக்கதே. ஆனால் அதனோடு ஒரு தவறான எண்ணமும் பெருகி வருதலைச் சொல்லாமல் விடுதல் தகாது. பனங்கட்டி இயற்கை உணவு. ஆகவே நீரிழிவுடையோர் சீனியை விலக்கிப் பனங்கட்டியை வேண்டிய அளவு உண்ணலாம் என்பது அவ்வெண்ணம். பனங்கட்டியின் பெரும்பகுதி சுக்குரோசே. கரும்பிலிருந்து வந்த சுக்குரோசையும் பனையிலிருந்து வந்த சுக்குரோசையும் வேறுபடுத்திக் காணும் ஆற்றல் சிறுகுடலுக்கு இல்லை. அங்குள்ள நொதியம் இரண்டையும் ஒரே விதமாகப் பிளந்து குருதியிற் சேர்க்கின்றது. பனங்கட்டியில் உள்ள கனிப்பொருள்கள் சீனியில் இல்லை என்பது மெய். தேநீரோடு கடித்துக் குடிக்கும் துண்டு ஒன்றில் அவை எவ்வளவு இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நோயாளி ஒருவர் இவ்வெண்ணத்தை நம்பி நாள்தோறும் பனங்கட்டி உண்பாராயின் அவரது கண்ணும் சிறுநீரகமுமே அதற்கு விலை கொடுக்கும்.

நீருக்கு அடுத்தது விதை. பனையின் இரசாயனத்தில் வியக்கத்தக்க பகுதி இதுவே.

இளங்காயின் உள்ளே நீராயிருந்து பின் வழுவழுப்பான நுங்காகும் பகுதி வித்தகவிழையம் எனப்படும். வித்து முளைக்கும்போது முளையத்துக்கு வேண்டிய உணவுச் சேமிப்பு அது. நெல்லும் சோளமும் இச்சேமிப்பை மாப்பொருளாக வைக்கின்றன. பனைக் குடும்பமோ வேறு வழியைக் கைக்கொண்டது. மனோசு மூலக்கூறுகளைப் பீற்றா இணைப்பினாற் கோத்து நீண்ட சங்கிலியாக்கி, அதன் பக்கங்களிலே ஆங்காங்கு கலத்தோசைக் கிளையாகப் பொருத்துகின்றது. இதுவே கலத்தோமனன். கிளைகள் மிகுதியாயுள்ள பருவத்திற் சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்க இயலாது. இடையிலே நீர் புகுந்து நிற்கும். ஆகவே நுங்கு களியாயிருக்கின்றது. காய் முற்ற முற்றக் கிளைகள் அருகுகின்றன. தடையற்ற சங்கிலிகள் செலுலோசைப் போல நெருங்கி ஒட்டுகின்றன, நீர் வெளியேறுகின்றது. முடிவில் விரலால் தோண்டியெடுத்த நுங்கு இருந்த இடத்தில் அரிவாளுக்கும் அசையாத வெண்கல் கிடக்கின்றது. தென்னமெரிக்கப் பனையினம் ஒன்றின் வித்தில் இவ்வாறு இறுகிய பகுதி தாவரத்தந்தம் என்னும் பெயரோடு சட்டைப் பொத்தான் செய்யப் பயன்பட்டது என்றால் அதன் வன்மை விளங்கும்.

ஆவணியில் விழுந்த பழத்தின் விதைகளைப் பாத்தியிலே அடுக்கி மண்ணிட்டதும் இக்கல்லைக் கரைக்கும் வேலை தொடங்குகின்றது. முளையத்தின் வித்திலை இரு திசையில் வளர்கின்றது. அதன் ஒரு முனை விதைக்குள்ளேயே தங்கிப் பஞ்சுபோலப் பருத்து, உட்கூட்டை நிரப்புகின்றது, இதுவே பூரான். மறுமுனை விதையை விட்டு வெளியேறி, இளமுளையைத் தாங்கிக்கொண்டு, மண்ணுள் நேர்கீழாக இறங்குகின்றது. பூரானைச் சூழவுள்ள மனனை நொதியங்கள் அரித்து மனோசாக்குகின்றன. பூரான் அதனை உறிஞ்சுகின்றது. மனோசு பயணத்துக்குரிய சுக்குரோசாக மாற்றப்பட்டுக் கீழே செலுத்தப்படுகின்றது. அங்கே மீண்டும் குளுக்கோசாகி, இம்முறை அல்பா இணைப்பினாற் கோக்கப்பட்டு, மாப்பொருளாகப் படிகின்றது. தையிற் கிண்டியெடுக்கும் கிழங்கு அவ்வாறு உண்டானதே. மனிதனாற் சமிக்கவியலாத கல், மூன்று நான்கு மாதத்தில், மண்ணுக்குள்ளேயே, அவன் உண்ணும் மாவாக மாறிவிடுகின்றது. சிறுவர் கொட்டையைப் பிளந்து பூரான் தின்னும்போது சுவைப்பது, விதையிலிருந்து கிழங்குக்குப் போகும் வழியில் இடைமறிக்கப்பட்ட வெல்லத்தையே.

நுங்கைப் பற்றி ஒரு சொல். கலத்தோமனனைச் சமிக்கும் நொதியம் மனிதனுக்கு இல்லையாதலின் அது சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பற்றீரியாக்களுக்கு உணவாகும். அவை அதனை நொதிக்கச்செய்து உண்டாக்கும் சிறு கொழுப்பமிலங்கள் குடற்சுவரின் கலங்களுக்கு நல்லுணவாம். கொத்தவரை வித்திலிருந்து எடுக்கும் பசையும் கலத்தோமனனே. உணவோடு கலந்து உண்டால் அது குடலில் தடித்த களியாகி, குளுக்கோசு குருதியிற் சேரும் வேகத்தைத் தணிக்கின்றது என்பது மருத்துவ ஆராய்ச்சியாற் பெறப்பட்டது. நுங்கும் அதே இனத்தது என்றெண்ணி அதனை மருந்தாக்கிவிடலாகாது. நுங்கின் மிகப்பெரும் பகுதி நீர். வேனிற்கால வெப்பத்துக்கு அது இனிய உணவு, அவ்வளவே.

கிழங்கின் நிலை வேறு. பச்சைக் கிழங்கைப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். இரண்டும் ஒரே கிழங்கே ஆயினும் மாப்பொருளின் நிலை இரண்டிலும் ஒன்றன்று. ஒடியலில் மாப்பொருள் மணிகள் இயற்கையாக அமைந்தபடியே இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. அவிக்கும்போது மணிகள் நீரை உறிஞ்சி வீங்கிக் கட்டவிழ்கின்றன. சங்கிலிகள் நொதியத்துக்கு எளிதில் அகப்படும். அவித்ததை ஆறவிட்டாற் சங்கிலிகளுட் சில மீண்டும் நெருங்கி ஒட்டி, நொதியத்துக்கு அகப்படாத நிலையை அடைகின்றன. சிறுகுடலிற் சமியாது தப்பும் இப்பகுதியைத் தடைமாப்பொருள் எனலாம். 1982இல் இங்கிலாந்தில் இங்கிலிஸ்ட் என்பவரும் உடனாய்வாளரும் இதற்கு ஒரு தனிப்பெயர் இட்டனர். அதற்கு முந்திய ஆண்டு, 1981இல், கனடாவில் தொறொன்ரோப் பல்கலைக்கழகத்து ஜெங்கின்சு என்பவரும் உடனாய்வாளரும் உணவுகளை அவை குருதி வெல்லத்தை உயர்த்தும் அளவு பற்றி வரிசைப்படுத்தும் முறையை வெளியிட்டிருந்தனர். ஒரே நிறையான காபோவைதரேற்றுக் கொண்ட இரு உணவுகள் குருதியிலே ஒரே விளைவைத் தருவதில்லை என்பது அதனால் உறுதியாயிற்று.

இவ்விரண்டு கண்டுபிடிப்புக்களும் கிழங்கை நோக்கும் கண்ணை மாற்றுகின்றன. அவித்து, ஆறவைத்து, வெயிலில் உலர்த்தி, மறுபடி சமைக்காமலே கடித்துண்ணும் புழுக்கொடியல் தடைமாப்பொருள் உண்டாதற்கு ஏற்ற வழியிற் செய்யப்படுவது. முதல்நாட் சோற்றுக்கும் இவ்விதி பொருந்தும். இவற்றோடு ஒப்பிடுகையில், நுண்ணிதாக அரைத்த வெள்ளைக் கோதுமை மாவினாற் செய்து சூடாறுமுன் உண்ணும் பாண், குளுக்கோசைக் குருதிக்கு விரைந்து விடுவது. இறக்குமதிக் கோதுமை மா ஒடியலையும் குரக்கனையும் குடாநாட்டு அடுப்படியிலிருந்து பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. நீரிழிவு பெருகியதற்கு உடலுழைப்புக் குறைந்தமை முதலிய வேறு காரணங்களும் உள. எனினும் இம்மாற்றத்தை அக்காரணங்களினின்றும் நீக்கி வைத்தல் நேர்மையாகாது.

ஒடியலைப் புகழ்வோர் மறைக்கக்கூடாத செய்தி ஒன்றுண்டு. ஒடியல் மாவை எலிகளுக்கு உணவாகக் கொடுத்துச் செய்த ஆய்வொன்று 1971இல் வெளியாயிற்று. அவ்வெலிகளின் ஈரலிலே ஊறு காணப்பட்டது. தலைமுறை தலைமுறையாக உண்ணப்பட்டு வந்த உணவாயிற்றே என்று இதனைத் தள்ளிவிடுதல் அறிவியலுக்கு ஒவ்வாது. ஊர்ப் பெண்கள் ஒடியல் மாவை அப்படியே பயன்படுத்துவதில்லை என்பதையும் நோக்கவேண்டும். மாவை நீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்து, பிழிந்து, அதன் பின்னரே பிட்டுக்கும் கூழுக்கும் எடுப்பர். கசப்புப் போகும்பொருட்டு என்பது அவர்கள் கூறும் காரணம். மாப்பொருள் தண்ணீரிற் கரையாது. கசப்புப் பொருள்களிற் பல கரையும். ஆகவே இம்முறை உணவை நிறுத்திக்கொண்டு வேண்டாததைக் கழுவிவிடும் முறையாகும். ஒடியல் மாவைப் பொதியிலடைத்து விற்கும் இக்காலத்தில், ஊறவைத்தலை வீண்வேலை என்று விட்டுவிடுவோர் இவ்வாய்வை நினைவிற் கொள்வாராக.

பழத்தைச் சுருக்கமாகக் கூறினாற் போதும். களியிலே கரையும் வெல்லங்களோடு பெத்தின் மிகுதியாக உண்டு. பழங்களைக் கொண்டு பாகு செய்யும்போது அதனை உறையச் செய்வது பெத்தினே. களியைப் பாயிலே மெல்லிதாகப் படைபடையாக ஊற்றி உலர்த்திய பினாட்டு தோல்போல உரிந்து வருவதற்கும் இதன் பசைத்தன்மை உதவுகின்றது. களியின் கசப்புக்குக் காரணம் பிளபெலிபெரின் என்னும் பொருள்கள்; பனையின் தாவரவியற் பெயராகிய பொராசசு பிளபெலிபர் என்பதிலிருந்து ஆக்கப்பட்ட பெயர் அது. இவை வெல்லங்கள் இணைந்த தெரோயிட்டுச் சப்போனின்கள். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் ஜான்சும் உடனாய்வாளரும் இவற்றைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தனர். சுண்டெலிகளில் இவை குடலிலிருந்து குளுக்கோசு உறிஞ்சப்படுதலைக் குறைக்கின்றன என்பது அவ்வாய்வுகளுள் ஒன்றின் முடிபு. எலியிற் கண்டது மனிதனில் நிகழுமென்று துணிதற்கு இன்னும் வழி நெடிது. பினாட்டிலே கசப்பும் உண்டு, வெல்லமும் உண்டு. கசப்பு நன்மை செய்யுமென்று கருதி வெல்லத்தை மறந்துவிடலாகாது.

உணவை விட்டு வயலுக்கு வரும்போது ஓலை முன்னிற்கின்றது. குடாநாட்டுக் கமக்காரர் பனையோலையை வெட்டித் தோட்டத்திலே கிடங்கு கிண்டிப் புதைப்பது பழைய வழக்கம். எரு என்னும் பெயர் இதற்கு உண்டேயாயினும், ஓலையில் நைதரசன் மிகக் குறைவு. அதன் பெரும்பகுதி செலுலோசும், செலுலோசைச் சூழ்ந்து காக்கும் இலிக்னினும் ஆகும். அவ்வாறாயின் அது பயிருக்கு என்ன செய்கின்றது? மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் செலுலோசைப் பிளந்து அதிலுள்ள காபனைத் தம் உணவாகவும் உடலாகவும் ஆக்குகின்றன. உடல் கட்டுவதற்குக் காபன் மட்டும் போதாது, நைதரசனும் வேண்டும். புதைத்த பொருளிற் காபன், நைதரசனைப் போல 25 மடங்கிற்கு மேலாக இருப்பின், குறையும் நைதரசனை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பின்னர் அவை இறந்து அழியும்போது அது சிறிது சிறிதாக மண்ணுக்கு மீளும். சுருங்கக் கூறின், ஓலை நைதரசனைக் கொடுப்பதிலும் பார்க்க அதனைக் காவல்செய்து வைக்கின்றது. நடுகைக்கு மிக அண்மையில் ஓலை புதைத்தாற் பயிர் மஞ்சளிப்பதும், முன்கூட்டியே புதைத்தால் நன்கு வளர்வதும் இதன் விளைவுகளே.

இக்காவல் குடாநாட்டுக்குப் பிறவிடத்தினும் மிக வேண்டியது. இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. குடிப்பதற்கும் இறைப்பதற்கும் கிணறே கதி. நிலத்தடியிலே சுண்ணாம்புக்கல்; அதன்மேல் மண் பலவிடங்களில் ஆழமற்றது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் இடப்படும் யூரியா மண்ணிலே நைத்திரேற்றாக மாறுகின்றது. நைத்திரேற்று நீரில் முற்றாகக் கரைவது, மண்ணாற் பற்றிவைக்கப்படாதது. பயிர் எடுத்தது போக எஞ்சியது இறைப்பு நீரோடும் மாரி மழையோடும் இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்கள் வழியே கிணற்றை அடைகின்றது. செறிவாகப் பயிரிடப்படும் பகுதிகளில், கிணறுகள் பலவற்றின் நைத்திரேற்று ஏற்கத்தக்க அளவைக் கடந்திருத்தல் 1980களிலேயே ஆய்வுகளாற் காட்டப்பட்டது. உலக சுகாதாரத் தாபனம் குடிநீருக்கு வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரிற் பாலைக் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால், குருதியின் ஒட்சிசன் காவும் ஆற்றல் குன்றி, குழந்தை நீலம்பாரிக்கும் அபாயம் உண்டு.

ஓலை, வைக்கோல், இலைகுழை முதலியவற்றின் காபோவைதரேற்று மண்ணிலிருக்குமாயின், இறங்கவிருக்கும் நைத்திரேற்றின் ஒரு பகுதியை நுண்ணுயிர்களின் உடலிலே தடுத்து நிறுத்தலாம். இதனாற் கிணறுகள் தூய்மையாகிவிடும் என்று கூறுதல் மிகைபடக் கூறலாகும். உரத்தை அளவறிந்து இடுதலே முதல் மருந்து. ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்தது யாது? உரப்பை தோட்டத்துக்கு வந்தது. ஓலைக்கிடங்கு தோட்டத்தை விட்டு நீங்கியது. நைதரசன் பெருகிய அதே காலத்தில் அதனைக் காவல்செய்யும் காபன் குறைந்தது. வேலையாள் கூலியும் ஓலை வெட்டுவோர் அருமையும் இதற்குக் காரணங்கள். காவோலை பனையடியிலே விழுந்து கிடக்க, அல்லது குவித்து எரிக்கப்பட, அயற்கிணற்றிலே நைத்திரேற்று ஏறுகின்றது. விவசாய மாணவர்க்கு இதனினும் பயனுள்ள ஆராய்ச்சிப் பொருள் குடாநாட்டிற் கிடைத்தல் அரிது: எவ்வளவு ஓலையை, எவ்வளவு சிறிதாக நறுக்கி, எம்மாதத்திற் புதைத்தால் எவ்வளவு நைத்திரேற்று நிற்கும் என்பதை ஒரு தோட்டத்திலே சில பாத்திகளைக் கொண்டே அளந்தறியலாம்.

எஞ்சியது ஊமல். கிழங்கை எடுத்தபின் பூரானும் வற்றி வெறுங்கூடாய்க் கிடக்கும் கொட்டை அது. அதன் ஓடும் நாரும் செலுலோசும் இலிக்னினுமே. காற்றுப் புகாமற் சுட்டால், செலுலோசில் உள்ள ஐதரசனும் ஒட்சிசனும் பெரும்பாலும் நீராவியாகப் பிரிந்துபோகக் கரி எஞ்சுகின்றது. காபனும் நீரும் கூடியது என்று பழைய இரசாயனர் இட்ட பெயர், வேறெங்கும் பொருந்தாவிடினும், ஊமல் சுடும் அடுப்பிலே ஓரளவு பொருந்திவிடுகின்றது. ஊமற்கரி எரிபொருளாகவும் பல் துலக்கவும் பயன்பட்டது. நீரைத் தூய்தாக்க வல்ல கரியையும் இத்தகைய ஓடுகளிலிருந்து ஆக்கலாம். இலங்கையில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து அது பெருமளவில் ஆக்கப்பட்டு ஏற்றுமதி செய்யப்படுகின்றது. அக்கரி நீரிலுள்ள நிறத்தையும் நாற்றத்தையும் பல சேதனப் பொருள்களையும் பற்றும். நைத்திரேற்றை அது சிறிதே பற்றும். அதனைத் தடுக்குமிடம் கிணற்றடியன்று, தோட்டமே.